குட்டி முயலுக்கு எந்தத் தீவனம்? உலர்புல், பெல்லட், கீரை: ஓர் ஒப்பீடு

முயல் குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வளர்ப்பவருக்குக் குழப்பம் ஆரம்பித்துவிடும். கொடுத்தவர் "பெல்லட் மட்டும் போடுங்கள், போதும்" என்பார்; பெல்லட் என்பது அரைத்து அழுத்திச் செய்த குச்சித் தீவனம். ஏற்கனவே முயல் வளர்க்கும் நண்பர் "பெல்லட்டே கூடாது, புல்தான்" என்பார். வீட்டுக் குழந்தை கையில் கேரட்டோடு நிற்கும். தீவனப் பையின் மேல் அச்சிட்ட படத்திலோ மக்காச்சோளமும் பட்டாணியும் சூரியகாந்தி விதையும் பளபளக்கும்.

இவர்களில் யாரும் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே. ஒரே தீவனம் ஐந்து வாரக் குட்டிக்கு ஆபத்தாகவும், ஐந்து மாதக் குட்டிக்கு நல்லதாகவும், இரண்டு வயது முயலுக்குத் தேவையற்றதாகவும் இருக்கலாம். வயதைச் சொல்லாமல் தீவனத்தை மட்டும் ஒப்பிட்டால் பதில் கிடைக்காது.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் குடல். முயல் குட்டி பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வந்து, தாய் தின்பதைக் கொறிக்கத் தொடங்கும். பால் குடிப்பது ஆறு வாரம் வரையிலும், சில சமயம் எட்டு வாரம் வரையிலும் நீளும். இந்த இடைவெளியில் வயிற்றுக்குள் பெரிய மாற்றம் நடக்கிறது. வளர்ந்த முயலின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, அதன் பி.எச். அளவு 1 முதல் 2 வரைதான் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை). உணவோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே மடிந்துவிடும். பால்குடிக் குட்டிக்கு அந்த அமிலம் இல்லை. அதன் பி.எச். 5-க்கு மேல் நிற்கும். அமிலத்துக்குப் பதிலாகத் தாய்ப்பாலில் உள்ள சில கொழுப்பு அமிலங்கள் கிருமிகளை அடக்கி வைக்கின்றன. பால் நின்றதும் அந்தக் காவல் போய்விடும். அமிலமோ இன்னும் முழுதாக வந்திருக்காது. குட்டிகள் கழிச்சலில் சாவது இந்த நாட்களில்தான் அதிகம். பல குட்டிகள் கைமாறுவதும் இதே நாட்களில்தான். எட்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது நார். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சீக்கம் என்றொரு பெரிய பை இருக்கிறது. முயலுக்கு அது இரைப்பையைவிடப் பல மடங்கு பெரியது. அதில் வாழும் நுண்ணுயிரிகள் புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்து மென்மையான, பளபளப்பான கொத்துகளாக வெளியே வரும். முயல் அதைக் குனிந்து நேராக வாயில் எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து அருவருப்பு வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். இந்த ஏற்பாடு முழுவதும் ஓடுவதற்குத் தள்ளுவிசை தருவது செரிக்காத நீண்ட நார். நார் குறைந்தால் குடல் மெதுவாகும், நின்றும் போகும். மாவுச்சத்து அதிகமானால் சீக்கத்தில் கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சு சுரக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தவறான உணவு உள்ளே போனால் முழுப் பாதையையும் கடந்துதான் வெளியே வரும்.

பல் மூன்றாவது. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். முயல் ஒரு நீளப் புல்லைத் தின்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். முன்பல்லால் நறுக்கி, தாள் மெல்ல மெல்ல உள்ளே போகப் போக, கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைத்துக்கொண்டே இருக்கும். பெல்லட் தின்னும்போது தாடை அப்படி அலையாது, நொறுக்கி விழுங்கிவிடும். கடைவாய்ப்பல் தேய வேண்டிய விதத்தில் தேய்வது புல்லை அரைக்கும்போதுதான்.

வளர்ச்சிக்கான புரதமும் கால்சியமும் நாலாவது. எலும்பு வளரும் மாதங்களில் இரண்டும் கூடுதலாகவே வேண்டும். ஆனால் முயலின் உடல் கால்சியத்தை ஏற்கும் விதம் தனி. மற்ற பிராணிகளில் பெரும்பாலானவை தேவைக்கு ஏற்ப உறிஞ்சும்; முயல் உணவில் உள்ளதைக் கணக்குப் பாராமல் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். வளரும் எலும்பு அதை இழுத்துக்கொள்ளும்வரை சரி. வளர்ச்சி நின்றபின் அது சிறுநீரில் சுண்ணாம்புபோல் படியும், கல்லாகவும் மாறலாம்.

கடைசியாகப் பழக்கம். முயல் குட்டியாக இருக்கும்போது எதை உணவென்று அறிந்துகொள்கிறதோ அதையே பின்னாளிலும் தேடும். மூன்று மாதத்தில் வசதியாக இருந்த தீவனம், ஒரு வயதில் மாற்ற முடியாத பிடிவாதமாக நிற்கக்கூடும். தீவனப் பையில் எழுதாத செலவு இதுதான். கீழே ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இதற்குத்தான் நான் கூடுதல் எடை கொடுத்திருக்கிறேன்.

## புல்வகை உலர்புல்

திமோத்தி, ஆர்ச்சர்ட், ஓட்ஸ் புல் போன்றவற்றைப் பசுமையாக இருக்கும்போதே, கதிர் முற்றுமுன் அறுத்துக் காயவைத்தது உலர்புல். தானியம் எடுத்தபின் மிஞ்சும் வைக்கோல் வேறு; அதில் நார் உண்டு, சத்து மிகக் குறைவு. படுக்கைக்குப் போடலாம், வளரும் குட்டிக்கு அதை உணவாக நம்பக் கூடாது.

நாருக்கும் பல்லுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. நார் ஏறத்தாழ 30 சதவீதம், புரதம் 7 முதல் 11 சதவீதம், கால்சியம் மிதம். எந்நேரமும் கூண்டில் இருக்கலாம். எவ்வளவு தின்றாலும் பாதகம் இல்லை. ஒரு நாளைக்கு முயலின் உடல் அளவு இருக்கும் ஒரு கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்றால், வளரும் குட்டிக்கு இது மட்டும் போதாது. புரதமும் கால்சியமும் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

மறைமுகச் செலவு மனிதருக்கு. உலர்புல் தூசு பறக்கும், அறையெங்கும் துகள் கிடக்கும், சிலருக்குத் தும்மலும் கண்ணெரிச்சலும் வரும். திமோத்தி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆர்ச்சர்ட் புல்லுக்கு மாறிப் பார்க்கலாம். அப்புறம் சேமிப்பு. காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் இறுக்கி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நல்ல உலர்புல்லைக் கையில் எடுத்தால் லேசான பச்சை நிறம் இருக்கும், உதறினால் புகைபோல் தூசு கிளம்பாது, முகர்ந்தால் இனிய புல்வாசம் வரும். மக்கின வாசமோ சாம்பல் நிறத் திட்டோ கண்டால் அந்தக் கட்டை முழுதாகத் தூக்கிப் போடுங்கள். நல்ல பகுதியைப் பிரித்து எடுப்பது குட்டி விஷயத்தில் வேண்டாத சிக்கனம்.

## குதிரை மசால் உலர்தீவனம்

அல்பால்பா என்று பையில் எழுதியிருப்பதும் இதுதான். புல் இல்லை, பயறு வகையைச் சேர்ந்த செடி. புரதம் 15 முதல் 20 சதவீதம், கால்சியம் புல்வகையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வளரும் குட்டிக்கு இவை இரண்டும் வேண்டும்; சுவை அதிகம் என்பதால் குட்டி ஆவலோடு தின்னும்; பெல்லட்போல மாவு நிறைந்ததும் அல்ல. பால் மறக்கும் குட்டிக்கு முதல் திட உணவாக இதைப் பலரும் நம்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதை மட்டுமே தின்று வளர்ந்த முயலுக்கு ஆறேழு மாதத்தில் திமோத்தியைப் போட்டுப் பாருங்கள். முகர்ந்துவிட்டு மூலையில் போய் உட்காரும். இனிப்பான இலைக்குப் பழகிய வாய் வறட்டுத் தண்டை உணவாகவே மதிக்காது. முயலைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருவதும் முடியாத காரியம், அதன் குடல் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. எனவே மாற்றம் வாரக்கணக்கில் இழுக்கும். இன்னொன்று, காய்ந்த இலை எளிதில் உதிரும். குட்டி இலையை மட்டும் பொறுக்கித் தின்று தண்டை விட்டுவிட்டால், நார் கணக்கு நீங்கள் நினைத்தபடி இருக்காது.

சிறிய இன முயல்கள் ஆறேழு மாதத்தில் வளர்ந்து முடிந்துவிடும். ஆறு கிலோவைத் தாண்டும் பெரிய இனங்களுக்கு வளர்ச்சி ஒரு வயதுவரைகூடப் போகும். அவற்றுக்குக் குதிரை மசாலைக் கூடுதல் மாதங்கள் தொடரலாம்.

## பெல்லட்

பெல்லட் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் இரு பக்கமும் பாதி சரி. அளந்த புரதம், கால்சியம், வைட்டமின்கள், நுண் தாதுக்கள் என்று எல்லாம் ஒவ்வொரு குச்சியிலும் ஒரே அளவில் இருப்பது பெல்லட்டின் பலம். குட்டி பொறுக்கித் தின்ன இடமில்லை. உலர்புல்லின் தரம் கட்டுக்குக் கட்டு மாறும்போது, இந்த நிலையான அளவு ஒரு காப்பு.

பலவீனமும் அதே இடத்தில்தான். சிறிய அளவிலேயே வயிறு நிறைந்துவிடும், பிறகு புல் தின்ன மனம் வராது. புல் குறைந்தால் நீண்ட நார் குறையும், பல் தேய்வதும் குறையும். பெல்லட்டிலும் நார் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பொடியாக அரைத்த நார். குடலைத் தள்ளும் வேலையை நீண்ட நார்போல அது செய்யாது.

எல்லாப் பெல்லட்டும் ஒன்றல்ல. பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்:

- நார் 18 சதவீதத்துக்குக் குறையாமல். 20-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது.
- புரதம் 14 முதல் 16 சதவீதம்.
- முதல் மூலப்பொருள் குதிரை மசால்தானா, தானியமா என்று பாருங்கள். குட்டிக்குக் குதிரை மசால் அடிப்படையிலான பெல்லட். வளர்ந்தபின் திமோத்தி அடிப்படை.
- தயாரித்த தேதி. வைட்டமின்கள் நாளாக ஆகக் குறையும். மாதக்கணக்கில் தாங்கும் பெரிய மூட்டை வாங்குவது லாபம்போலத் தெரியும். பாதியில் அது வெறும் மாவுக் குச்சியாகிவிடும்.

இறைச்சிக்காக முயல் வளர்க்கும் பண்ணைகளுக்கான தீவனம் விரைவில் எடை கூட்டுவதற்காகச் செய்தது. பத்து வருடம் வாழ வேண்டிய வீட்டு முயலின் தேவை அது இல்லை. கோழித் தீவனத்தை அவசரத்துக்குக்கூடப் போடக் கூடாது, அதில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு விஷம்.

அளவு? எட்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை தாராளமாக வைக்கலாம் என்பது பரவலான வழிகாட்டல். ஏழு மாதம் வரை அளவின்றி வைக்கச் சொல்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி இல்லை. மூன்று மாதம் தாண்டியதும் குட்டி நாளெல்லாம் புல் தின்கிறதா என்று கவனியுங்கள். புல்தட்டு மாலையிலும் நிறைந்தே கிடந்தால் பெல்லட்டைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வளர்ந்தபின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் தேவைப்படாது.

## தானியமும் விதையும் கலந்த வண்ணக் கலவை

இதை நான் எந்தச் சூழலுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கிண்ணத்தில் கலவையைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மக்காச்சோளச் செதில் போயிருக்கும், பட்டாணி போயிருக்கும், இனிப்பான நிறத் துண்டுகள் போயிருக்கும். பழுப்பு நிற நார்க்குச்சிகள் மட்டும் அடியில் கிடக்கும். பையில் எழுதிய சத்து விகிதம் முழுக் கலவைக்கானது. முயல் தின்றதோ அதில் மாவும் கொழுப்பும் மிகுந்த பாதியை மட்டும். எடின்பரோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் இளம் முயல்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, உலர்புல் மட்டும், உலர்புல்லோடு பெல்லட், உலர்புல்லோடு கலவை, கலவை மட்டும் என்று கொடுத்து ஒப்பிட்டார்கள். கலவை தின்றவை உலர்புல்லைக் குறைவாகத் தின்றன. கலவை மட்டுமே தின்ற முயல்களுக்கு எடை கூடியது, பல் கோளாறு வந்தது.

வாங்கிவந்த குட்டி ஏற்கனவே இந்தக் கலவையில்தான் இருந்தது என்றால் அன்றே நிறுத்திவிடாதீர்கள். அதை எப்படி மாற்றுவது என்று கீழே சொல்கிறேன்.

## பசும்புல்

முயல் இயற்கையில் தின்பது இதுதான். நாரும் பல் தேய்மானமும் உலர்புல்லுக்கு இணை, நீர்ச்சத்து கூடுதல். ஆனால் குட்டி இதுவரை பசும்புல்லே பார்த்ததில்லை என்றால் ஒரேயடியாகத் தோட்டத்தில் விடக் கூடாது. நாலைந்து தாளில் தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டிக்கொண்டு போகலாம். பூச்சிமருந்து தெளிக்காத இடமா, நாய், பூனை வந்துபோகும் இடமா என்று தெரிந்திருக்க வேண்டும். புல்வெட்டும் இயந்திரம் கக்கிய புல்லை மட்டும் போடவே கூடாது. நசுங்கிய அந்தத் துகள்கள் குவியலுக்குள் சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும்; மிச்சப் புளிப்பு முயலின் வயிற்றுக்குள் நடக்கும்.

## கீரையும் காயும்

பன்னிரண்டு வாரம் வரை காத்திருப்பது பாதுகாப்பு. அதன்பின் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கீரை, முதல் நாள் 15 கிராமுக்குள், இரண்டு மூன்று நாள் புழுக்கையைக் கவனித்து, உருண்டை மாறாமல் இருந்தால் அளவைக் கூட்டலாம். கொத்தமல்லி, புதினா, கேரட் இலை, ரோமைன் லெட்யூஸ் ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. பாலக் கீரையில் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் அதிகம். வாரத்தில் ஓரிரு முறை, சிறிதளவு. முட்டைக்கோசும் காலிஃபிளவரும் வாயு உண்டாக்கும். குட்டிக்கு அவற்றைத் தள்ளிப்போடுங்கள்.

குட்டி தாயோடு இருந்தபோதே ஏதாவது கீரை தின்று பழகியிருந்தால், அந்தக் கீரையைக் கொஞ்சமாகத் தொடர்வதில் தவறில்லை. குடலுக்கு அது புதிது இல்லை.

கீரையின் மறைமுகச் செலவு உங்கள் நேரம். தினம் வாங்க வேண்டும், நன்றாகக் கழுவ வேண்டும், அழுகின இலையைக் கிள்ளி எறிய வேண்டும், தின்னாமல் கிடப்பதைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கும் அதன் இலையும், தக்காளிச் செடியின் இலை, அவகாடோ, சாக்லேட், பச்சைப் பயறுகள் எதுவும் கூடாது. ரொட்டியும் பிஸ்கட்டும் மாவு. அவை முயல் உணவே இல்லை.

## கேரட்டும் பழமும்

கேரட் கிழங்கில் சர்க்கரை அதிகம். பழத்தில் இன்னும் அதிகம். மூன்று மாதம்வரை இரண்டும் வேண்டாம். அதன்பிறகு விரல் நுனி அளவு, கையில் பழக்குவதற்கான பரிசாக மட்டும்.

## ஒரே பார்வையில்

| தீவனம் | நாரும் பல்லும் | புரதம், கால்சியம் | குடலுக்கான ஆபத்து | எந்த வயதில் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| புல்வகை உலர்புல் | மிக நன்று | வளர்ச்சிக்குப் போதாது | மிகக் குறைவு | 3 வாரம் முதல் ஆயுள் முழுக்க | தூசு, இடம், ஒவ்வாமை |
| குதிரை மசால் | நன்று | நிறைய | குறைவு | 3 வாரம் முதல் 6–7 மாதம் | பின்னாளில் புல்லை மறுப்பது |
| நார் மிகுந்த பெல்லட் | போதாது | அளவாக, நிலையாக | மிஞ்சினால் உண்டு | 3–4 வாரம் முதல். வளர்ந்தபின் குறைவாக | புல் தின்பது குறைவது, பழசாவது |
| வண்ணக் கலவை | மோசம் | சீரற்றது | அதிகம் | வேண்டாம் | பல் வைத்தியம், பருமன் |
| பசும்புல் | மிக நன்று | மிதம் | திடீரெனக் கொடுத்தால் உண்டு | மெல்லப் பழக்கி | மருந்து, அசுத்தம் பற்றிய கவலை |
| கீரை | சுமார் | கீரைக்குக் கீரை மாறும் | அவசரப்பட்டால் உண்டு | 12 வாரம் முதல் | தினசரி வேலை |
| கேரட், பழம் | இல்லை | இல்லை | அதிகம் | 3 மாதத்துக்குப் பின், துளி | இனிப்புப் பழக்கம் |

## அப்படியானால் எதை எடுப்பது?

பெரும்பாலான வீடுகளுக்கு என் தேர்வு இது: எட்டு வாரம் முதல் ஏழு மாதம் வரை, எந்நேரமும் புல்வகை உலர்புல், அதோடு குதிரை மசால் அடிப்படையிலான பெல்லட். குதிரை மசாலைப் பெல்லட்டுக்குள் கொடுக்கும்போது தனியாக அதே உலர்தீவனத்தையும் கட்டுக்கட்டாகப் போட வேண்டியதில்லை. இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் தாராளமாகப் போடுவது பலரும் செய்வது. வளர்ச்சி மாதங்களில் பெரிய தீங்கு தெரியாது, ஆனால் திமோத்தியைத் தொடாத முயல் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. முதல் வாரத்திலிருந்தே வறட்டுப் புல்லின் ருசி வாயில் இருக்க வேண்டும்.

இந்தத் தேர்வு பொருந்தாத இடங்களும் உண்டு.

நல்ல பெல்லட் கிடைக்கவில்லை என்றால். தானியம் நிறைந்த மட்டமான பெல்லட்டைவிட, பெல்லட்டே இல்லாமல் பாதி குதிரை மசாலும் பாதி புல்வகையும் கலந்து போடுவது மேல். இலையைப் பொறுக்காதபடி இரண்டையும் நன்றாகப் பிசறிக் கலந்துவிடுங்கள். மூன்று மாதத்துக்குப்பின் பலவகைக் கீரை சேர்ந்ததும் நுண்சத்துக் குறை பெரும்பாலும் ஈடாகிவிடும்.

உலர்புல் தூசு வீட்டில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால். புல் வகையை மாற்றுங்கள், தூசு நீக்கிய வகையைத் தேடுங்கள், கூண்டை அவர் தூங்கும் அறையிலிருந்து நகர்த்துங்கள். சுத்தமான பசும்புல் தினமும் கிடைக்கும் வீடு என்றால் மெல்ல அதற்குப் பழக்கலாம். உலர்புல்லை நிறுத்திவிட்டுப் பெல்லட்டில் மட்டும் வளர்ப்பதைத் தீர்வாக எடுக்காதீர்கள்.

குட்டியோடு வளர்ந்த முயலும் ஒரே கூண்டில் இருந்தால். பொதுவில் திமோத்தி மட்டும். குட்டிக்குரிய பெல்லட்டைத் தனியாக வைத்து, தின்று முடிக்கும்வரை பெரியதைப் பிரித்து வையுங்கள். குதிரை மசால் கூண்டில் கிடந்தால் முதலில் காலி செய்வது பெரியதுதான்.

வந்த குட்டிக்கு எட்டு வாரம் ஆகவில்லை என்றால். திரும்பத் தாயிடம் சேர்க்க வாய்ப்பு இருந்தால் அதுவே முதல் வழி. இல்லையென்றால், ஐந்தாறு வாரக் குட்டிக்குக் குதிரை மசால் உலர்தீவனம், அது முன்பு தின்ற அதே பெல்லட், தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம். பசும்பால் ஊற்றிக் கொடுப்பது இரக்கத்தில் செய்யும் கெடுதல். முயல் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட மூன்று மடங்குக்கும் மேல், இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. கண் திறக்காத குட்டிக்குப் புட்டியில் பால் கொடுப்பது மருத்துவர் காட்டிக்கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. ஒரு துளி நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: தாய் முயல் ஒரு நாளில் ஒரு முறையோ இரு முறையோ, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். கூட்டில் தாயைக் காணோம் என்பதற்காகக் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். வயிறு உருண்டையாக, தோல் சுருங்காமல், உடம்பு சூடாக இருந்தால் பால் கிடைக்கிறது என்று அர்த்தம்.

பழைய தீவனம் மோசமாக இருந்தால். இங்கேதான் அக்கறையுள்ளவர்களே அவசரப்படுகிறார்கள். குட்டி புது இடத்தில் பயந்து கிடக்கும். அந்தப் பயமே குடலைப் பாதிக்கும். அதே நாளில் தீவனமும் மாறினால் இரண்டு அடி ஒரே நேரத்தில் விழும். முன்பு தின்ற தீவனத்தில் இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவைக் கொடுத்தவரிடமே கேட்டு வாங்கி வாருங்கள். முதல் மூன்று நாள் அதையே போடுங்கள். பக்கத்தில் உலர்புல் மட்டும் எப்போதும் இருக்கட்டும். அப்புறம் நாலில் ஒரு பங்கு புதியது, மூன்று பங்கு பழையது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை புதியதைக் கூட்டி, பத்து நாளில் முழுதாக மாற்றலாம். நடுவில் புழுக்கை இளகினால் அந்தக் கட்டத்திலேயே நின்றுகொள்ளுங்கள். பழக்கப்பட்ட சுமார் தீவனம், முதல் வாரத்தில், புதிதாக வாங்கிய உயர்ந்த தீவனத்தைவிடக் குட்டிக்குப் பாதுகாப்பு.

எந்த வழியை எடுத்தாலும் தண்ணீர் எந்நேரமும் வேண்டும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை முயல் குடிக்கும். குழாய் வைத்த புட்டியைவிட கனமான மண் அல்லது பீங்கான் கிண்ணத்தில் குடிப்பது அதற்கு எளிது. கிண்ணம் அழுக்காகும் என்பதால் தினமும் கழுவ வேண்டியிருக்கும். எனக்கு அந்த வேலை பெரிதில்லை. கிண்ணம்தான் என் தேர்வு.

## தேர்வு சரிதானா என்று புழுக்கை சொல்லும்

தினமும் காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது இரண்டு நிமிடம் அதைப் பாருங்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், காய்ந்து இருக்கும். விரலால் நசுக்கினால் புல்தூள்போல உதிரும், வாசம் இருக்காது. அளவு சிறுத்து, கருத்து, கெட்டியானால் நார் குறைவு அல்லது குட்டி சரியாகத் தின்னவில்லை. மென்மையான கொத்துகளைத் தின்னாமல் அப்படியே விட்டிருந்தால் பெல்லட்டோ இனிப்போ மிஞ்சிவிட்டது. புல்லைக் கூட்டிப் பெல்லட்டைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

நீராகக் கழிந்தால் அது வேறு கதை. குட்டிக்கு அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். பால் மறந்த குட்டிகளைத் தாக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் காரணமாக இருக்கலாம் என்பதால், தீவனத்தை மாற்றிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் மனித மருந்தைக் கொடுக்கவும் கூடாது. அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை வாய்வழி கொடுத்தால் சீக்கத்தின் நல்ல நுண்ணுயிரிகள் செத்து முயலே சாகக்கூடும். அதேபோல் குட்டி தின்பதை நிறுத்தி, புழுக்கையும் நின்று, கூன் போட்டு உட்கார்ந்து பல்லைக் கடித்தால் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம். முயல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைக் குட்டி வரும் முன்பே விசாரித்து வையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல் பார்ப்பதில்லை.

## ஏழாவது மாதத்தில்

சிறிய, நடுத்தர இனங்களுக்கு இங்கே கணக்கு மாறும். குதிரை மசால் உலர்தீவனம் போடுபவர்கள் வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறைத்து, அந்த இடத்தைத் திமோத்தியால் நிரப்ப வேண்டும். பெல்லட்டும் அதே வேகத்தில் திமோத்தி வகைக்கு மாறி, அளவும் குறைய வேண்டும். சிறுநீர் வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, காய்ந்ததும் சுண்ணாம்புத் தடம் விட்டால் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட நேரமில்லை. செம்மஞ்சள் நிறச் சிறுநீர் மட்டும் என்றால் பயம் வேண்டாம், பெரும்பாலும் தாவர நிறமிதான். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை போட்டுத் தேதியோடு எழுதிவைத்திருந்தால், வளர்ச்சி எந்த வாரத்தில் நின்றது என்று அந்தத் தாளே காட்டும். நாள்காட்டியைவிட அதை நம்பித் தீவனத்தை மாற்றுங்கள்.